மோட்டார் ரூம் சுவரில் ஒரு தண்ணீர்க் கணக்கு

எங்கள் தோட்டத்து மோட்டார் ரூமில், சுவிட்ச் போர்டுக்குக் கீழே, அடுப்புக்கரியால் எழுதிய எண்கள் இன்னும் இருக்கின்றன. அப்பாரு (தாத்தா) எழுதியவை. வரிக்கு இரண்டு தேதிகள், கடைசியில் ஓர் எண். முதல் தேதி, பவானிசாகர் அணையிலிருந்து வாய்க்காலில் தண்ணீர் விட்ட நாள். இரண்டாவது, எங்கள் கிணற்றில் ஊற்று எடுக்கத் தொடங்கிய நாள். கடைசி எண், ஆயுதபூஜை அன்று தண்ணீருக்கு மேலே தெரிந்த படிகளின் எண்ணிக்கை. நல்ல வருஷங்களில் அது நான்கு அல்லது ஐந்து. தண்ணீரே விடாத வருஷத்துக்கு ஒரு கோடு மட்டும்.

எங்கள் பூமி கீழ்பவானி ஆயக்கட்டில் இல்லை. பெருந்துறைக்கும் சென்னிமலைக்கும் நடுவே, கடைசிக் கொப்பு வாய்க்கால் முடிகிற இடத்திலிருந்து அரை மைல் கீழே இருக்கிறது. மதகைத் திறந்துவிடச் சொல்லி ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்க எங்களுக்குப் பாத்தியதை கிடையாது. ஆனாலும் மூன்று தலைமுறையாக எங்களுக்குச் சோறு போட்டது அந்த வாய்க்கால்தான். எங்களுக்கு வந்தது அதன் கசிவு. பவானி ஆற்றுத் தண்ணீரை யார் யார் பங்கு போட்டுக்கொள்வது என்று எத்தனையோ காலமாக நடக்கும் வழக்குகளிலும் கூட்டங்களிலும் அந்தக் கசிவுக்கு மட்டும் பெயர் இல்லை. அப்பாருவின் சுவரில்தான் இருக்கிறது.

வாய்க்கால் வருவதற்கு முன்பு இந்தப் பக்கம் முழுக்க மேட்டாங்காடு. கம்பு, சோளம், கொள்ளு. கிணறு வைத்திருப்பவர்கள் கவலை ஓட்டினார்கள். வடக்கயிறும் வால்கயிறும் பூட்டி, இரண்டு மாடுகள் சரிவில் இறங்க இறங்க, பறி என்னும் சால் நிறைய நீர் மேலே வந்து, தும்பி என்னும் தோல்குழாய் வழியாகத் தொட்டியில் கொட்டும். விடியக்காலம் மூன்று மணிக்கு ஏறு பூட்டினால், வெயில் ஏறுவதற்குள் முக்கால் ஏக்கர் நனைந்தால் பெரிய காரியம். "மாடு செத்தா கெணறும் செத்த மாதிரிதாண்டா" என்று அப்பாரு சொல்வார். சித்திரையில் கிணற்றடியில் தவளைகூட இருக்காது.

அதே காலத்தில், முப்பது மைல் தள்ளி ஆற்றோரத்தில் வேறொரு உலகம் இருந்தது. கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் கொடிவேரி அணை. அதன் இரண்டு பக்கமும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள். அவற்றின் கீழே 24,504 ஏக்கர் நஞ்சை, வருஷத்துக்கு இரண்டு போகம் நெல். பவானி காவிரியோடு கலப்பதற்குச் சற்று முன்னால் காலிங்கராயன் அணைக்கட்டு. அங்கிருந்து புறப்படும் வாய்க்கால் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்து போய் நொய்யலில் சேர்கிறது. அதன் பாசனம் 15,743 ஏக்கர்; மஞ்சளும் கரும்பும் வாழையும் நெல்லும். பதிமூன்றாம் நூற்றாண்டில் காலிங்கராயன் அதை வெட்டினான் என்பது வரலாறு. ஒரு பாம்பு ஊர்ந்து காட்டிய தடத்தில் வெட்டினான் என்பது வழக்கு. தன் குடும்பம் வாழத்தான் வெட்டுகிறான் என்று யாரோ பேசியதைக் கேட்டு, என் வம்சத்தார் இந்தத் தண்ணீரைத் தொடமாட்டார்கள் என்று சொல்லி, பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குக் குடிபெயர்ந்ததாகவும் சொல்வார்கள். நடந்ததோ இல்லையோ, எழுநூறு வருஷமாக இந்தக் கதையை ஊர் விடாமல் வைத்திருக்கிறது. தண்ணீரைப் பங்கிடுகிறவன் தன் பங்கை முதலில் ஒதுக்கிவைக்கக் கூடாது என்று இந்த மண் நினைத்திருக்கிறது. எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது.

பவானியும் மோயாறும் கூடும் இடத்தில் 1948-இல் பவானிசாகர் அணை வேலை தொடங்கி 1955-இல் முடிந்தது. மேட்டாங்காட்டுக்கும் தண்ணீர் வேண்டும் என்று ஓயாமல் கேட்டவர்களில் முதன்மையானவராகத் தியாகி எம்.ஏ. ஈஸ்வரனை இங்கே இன்றும் நினைக்கிறார்கள். 105 அடி நீர்மட்டம், 32.8 டி.எம்.சி. கொள்ளளவு. அணையிலிருந்து 200 கிலோமீட்டர் நீளத்துக்கு மண்ணிலேயே வெட்டிய கீழ்பவானி வாய்க்கால். 2,07,000 ஏக்கர் புது ஆயக்கட்டு. அணைக்குள் தணாயக்கன்கோட்டை முழுகியது. அணை வற்றுகிற கோடைகளில் அங்கே இருந்த மாதவராயப் பெருமாள் கோயில் சேற்றிலிருந்து தலைகாட்டும். அதைப் பார்க்கப் போகிறவர்கள் கும்பிட்டுவிட்டு, அடுத்த மழை எப்போது என்றுதான் பேசிக்கொள்வார்கள்.

திட்டம் போட்டவர்கள் இதைப் புஞ்சைப் பயிருக்கான பாசனமாகத்தான் நினைத்திருந்தார்கள். குறைந்த தண்ணீரை நிறையப் பேருக்குக் கொடுப்பது நோக்கம். ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கம்பங்கூழ் குடித்தவன் வயலில் தண்ணீர் நிற்பதைப் பார்த்தால் என்ன செய்வான்? நெல் நட்டான். வாய்க்கால் தலைப்பில் இருந்தவர்கள் நெல் நட, கடைமடையில் புழுதி பறந்தது. அப்புறம்தான் முறை வைத்தார்கள். ஒற்றைப்படை எண் மதகுகள் ஒரு பாதி, இரட்டைப்படை மதகுகள் மறுபாதி. ஒவ்வொன்றும் 1,03,500 ஏக்கர். ஆகஸ்ட் 15-இலிருந்து டிசம்பர் 15 வரை ஒரு பாதிக்கு நெல்லுக்கு 24 டி.எம்.சி. அது முடிந்ததும் மறுபாதிக்குக் கடலை, எள் போன்ற புஞ்சைப் பயிருக்கு 12 டி.எம்.சி. அடுத்த வருஷம் மாறிக்கொள்ளும். இந்த ஏற்பாட்டில் யாரையும் ஏமாற்ற முடியாது; ஏனென்றால் எல்லோருக்கும் அது மனப்பாடம். பெண் பார்க்கப் போகிற இடத்தில்கூட, "உங்களுக்கு ஒத்தப்படையா, ரெட்டப்படையா?" என்று கேட்பார்கள்.

அந்த முறை எங்கள் சுவரிலும் பதிந்திருக்கிறது. பக்கத்து ஆயக்கட்டுக்கு நெல் முறை வந்த வருஷங்களில் இரண்டு தேதிகளுக்கும் நடுவே இடைவெளி குறைவு. மற்ற வருஷங்களில் அதிகம். அப்பாருவுக்கு இதை யாரும் விளக்கவில்லை. எழுதி எழுதித் தானே கண்டுபிடித்தார். சின்ன வயதில் என்னைக் கிணற்றுக்குள் இறக்கி உட்காரவைப்பார். வடக்குப் பக்கத்துச் சுவரில் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு வெடிப்பு. வாய்க்கால் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நாளில் அந்த வெடிப்பு முதலில் கறுக்கும். மறுநாள் தொட்டால் விரலில் ஈரம். அப்புறம் நூல்போல ஒரு கீற்று, பாறைமீது சத்தமில்லாமல் இறங்கும். வாயை வைத்துக் குடித்திருக்கிறேன். ஜில்லென்று, லேசாக மண்வாசத்தோடு இருக்கும். "இது நீலகிரித் தண்ணி" என்பார். அத்தனை மைல் நடந்து, மண்ணுக்குள் புகுந்து, எங்களைத் தேடி வந்திருக்கிறது என்பது அவருக்குத் தீராத ஆச்சரியம்.

எங்களைப்போல எத்தனை ஆயிரம் கிணறுகள்! ஆயக்கட்டுக்கு உள்ளேயே, முறை இல்லாத மாதங்களில் தென்னையையும் மஞ்சளையும் காப்பாற்றியது கிணறுதான். வயலில் கட்டிய நீரும் வாய்க்கால் கரையில் ஊறிய நீரும் பள்ளங்களில் இறங்கி ஓடையாகி, சில இடங்களில் அதைத் தடுத்தே பாசனம் நடக்கிறது. மிச்சம் நொய்யலுக்கும் காவிரிக்கும் போகிறது. அணையிலிருந்து புறப்பட்ட ஒரு கனஅடி தண்ணீர் இரண்டு மூன்று பேருக்கு வேலை செய்துவிட்டுத்தான் ஆற்றைச் சேர்ந்தது. கரண்டு மோட்டார் வந்து, 1990-க்குப் பிறகு விவசாய மின்சாரம் எல்லோருக்கும் இலவசமானதும், கவலை மாடு ஓடிய சரிவுகளைச் சமன் செய்து பயிர் வைத்தார்கள். எங்கள் கவலைச் சரிவில் இப்போது எலுமிச்சை நிற்கிறது.

இதெல்லாம் உழவர்களுக்குள் நடந்த பங்கீடு. பழைய ஆயக்கட்டுக்கும் புது ஆயக்கட்டுக்கும் சண்டை இல்லாமல் இல்லை. எழுநூறு வருஷத்து உரிமை எங்களுடையது, அணை வந்ததற்காக எங்கள் பங்கு குறையக் கூடாது என்று ஆற்றோரத்தார் நீதிமன்றம் வரை போனார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எதிரில் நின்றவனும் உழவன். அவனுக்கும் பருவம் உண்டு, அறுவடைக்குப் பிறகு அவனுக்கும் தண்ணீர் வேண்டாம். முறை வைத்தால் காத்திருப்பான்.

இன்றைய போட்டியாளர்கள் காத்திருக்க முடியாதவர்கள். இதுதான் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் என்று நினைக்கிறேன். மலைமேல் குந்தா நீர்மின் நிலையங்கள். கனடா நாட்டு உதவியோடு கட்டியவை. மின்சாரம் எப்போது தேவையோ அப்போதுதான் அங்கிருந்து நீர் இறங்கும். அதற்குக் கீழே பில்லூர் அணை; கோயம்புத்தூருக்கும் சுற்றுப்பட்ட ஊர்களுக்கும் குடிநீர் அங்கிருந்து போகிறது. பவானியின் துணையாறான சிறுவாணியும் கோவைக்குத்தான். திருப்பூரின் பனியன் தொழிலுக்கும் குடிநீருக்கும், பவானி ஊருக்குப் பக்கத்தில் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் எடுக்கும் அளவுக்கு ஒரு குழாய்த் திட்டம் 2006-லிருந்து ஓடுகிறது. அதை வருஷம் முழுக்க எடுத்தால் சுமார் 2.4 டி.எம்.சி. ஆகும். கீழ்பவானியின் நெல் முறைக்கான 24 டி.எம்.சி.யோடு பார்த்தால் பத்தில் ஒரு பங்குதான். அளவில் சின்னது, ஆனால் சாயப்பட்டறைக்கும் சமையலறைக்கும் தை மாசம் வேறு, சித்திரை வேறு கிடையாது. முந்நூற்று அறுபத்தைந்து நாளும் வேண்டும். அதனால் மழை பொய்த்த வருஷத்தில் குறைவது முழுவதும் வயலின் தலையில் விழுகிறது.

குடிநீருக்குத்தான் முதலிடம்; அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. கோவையில் என் அக்கா வீட்டில் பத்து நாளைக்கு ஒருமுறை குழாய் வந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. அக்கா அண்டாவிலும் சொம்பிலும் பிடித்து வைத்துக்கொண்டு, பிள்ளைகள் குளித்த நீரைச் செடிக்கு விடுவாள். என் குறை வேறு. நகரத்துக்கு எவ்வளவு என்று வரம்பு வைத்து, பற்றாக்குறை வருஷத்தில் யார் எவ்வளவு குறைத்துக்கொள்வது என்று முன்கூட்டியே எழுதிவைத்தால், ஒற்றைப்படை இரட்டைப்படை போல எல்லோருக்கும் அது மனப்பாடமாகும். இப்போது ஒவ்வொரு வறட்சியிலும் புதிதாகச் சண்டை போடுகிறோம். சுவரில் 2002, 2003 வரிகளில் கோடு மட்டும்தான். அந்தக் கோடுகளை அப்பாரு வழக்கத்தைவிட அழுத்தி இழுத்திருக்கிறார், காரை பெயர்ந்திருக்கிறது.

எடுத்த தண்ணீர் திரும்பி வந்த விதமும் மாறிவிட்டது. வயலில் பாய்ந்தது கசிந்து ஊற்றானது. பட்டறையில் பாய்ந்தது சாயமாக நொய்யலில் இறங்கியது. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாகி, சுற்றியிருந்த கிணறுகள் உப்பாகின. 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் முறை திருப்பூரில் உறுதியானது. ஈரோட்டுக்குள் காலிங்கராயன் வாய்க்காலைக் கழிவிலிருந்து காப்பாற்ற, பக்கத்திலேயே 'பேபி கால்வாய்' என்று இன்னொன்று வெட்ட வேண்டியதாயிற்று. தை 5 அன்று உழவர்கள் காலிங்கராயனுக்கு மாலை போடுகிறார்கள்; அவன் வெட்டிய வாய்க்காலுக்குப் பக்கத்தில் இன்று அந்தப் பேபி கால்வாயும் ஓடுகிறது.

மாநில எல்லைக்கும் பங்கு உண்டு. பவானி நம் மலையில் பிறந்து, கேரளத்தின் அட்டப்பாடிக்குள் போய், மறுபடி தமிழ்நாட்டுக்குத் திரும்புகிற ஆறு. காவிரி நடுவர் மன்றம் 2007-இல் கேரளத்துக்குத் தந்த 30 டி.எம்.சி.யில் 6 டி.எம்.சி. பவானிப் படுகைக்கானது. அங்கே தடுப்பணைப் பேச்சு எழுந்தால் இங்கே போராட்டம் எழும். இதற்காவது ஒரு தீர்ப்பும் ஓர் எண்ணும் இருக்கின்றன. மாநிலத்துக்குள்ளே இருக்கிற பங்குகளுக்கு அந்த அளவுக்குத் தெளிவு இல்லை.

2024 ஆகஸ்ட் 17 அன்று அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. அறுபது வருஷத்துக் கோரிக்கை. அன்று கேட்டது, பில்லூர்ப் பக்கம் அத்திக்கடவிலிருந்து சரிவிலேயே ஓடிவரும் ஒரு கால்வாய். கிடைத்தது, காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே எடுத்து, ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக அன்னூர் வரை மேலே தள்ளும் குழாய். வெள்ளக் காலத்தில் 70 நாட்கள், நொடிக்கு 250 கனஅடி, மொத்தம் 1.5 டி.எம்.சி., 1,045 குளம் குட்டைகளுக்கு. அவிநாசிப் பக்கத்து உறவினர் ஒருவர் ஊர்க்குட்டைக்கு என்னைக் கூட்டிப்போனார். கரையோரம் குழாய் முனையும் சின்னச் சூரிய ஒளித் தகடும். நீர் விழுகிற இடத்தில் எருமை ஒன்று கழுத்தளவு நின்றுகொண்டிருந்தது. "ஆயிரம் அடி போருல காத்துதான் வந்துதுங்க. இப்ப முந்நூறுல ஈரமிருக்குது" என்றார். அவர் முகத்தைப் பார்த்த பிறகு இந்தத் திட்டத்தை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் இதில் எடுப்பது 'உபரி' என்று சொல்கிறோம். பவானித் தண்ணீர் மேட்டூருக்குக் கீழேதான் காவிரியில் சேர்கிறது. திருச்சியிலும் தஞ்சாவூரிலும் அது பயிருக்குப் போகிற நீர். நமக்கு உபரியாகத் தெரிவது கீழே இருப்பவனுக்குக் கசிவு. எங்களுக்கு வாய்க்கால் கசிவு எப்படியோ அப்படி.

இனி என் சொந்த வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். கீழ்பவானி வாய்க்காலைச் சீரமைக்க 2020-இல் அரசாணை 276 வந்தது. சுமார் 710 கோடி ரூபாய் மதிப்பு. 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். கரைக்கும் தளத்துக்கும் கான்கிரீட் போடுவது அதில் முக்கியமான வேலை. இங்கே ஊருக்கு ஊர் இரண்டாகப் பிரிந்தோம். அரசாணையை ரத்து செய் என்று ஒரு பக்கம் உண்ணாவிரதம். வேலையை உடனே தொடங்கு என்று மறுபக்கம் மனு. என் மச்சான் முத்தூர்ப் பக்கம், கடைமடைக்காரர். தலைப்பில் 2,300 கனஅடி விட்டாலும் அவர் மதகுக்கு வரும்போது கணுக்கால் நனையும் அளவுதான். விதைநெல்லைக் கையில் வைத்துக்கொண்டு முறை முடியும் வரை காத்திருந்த வருஷங்கள் அவருக்கு உண்டு. "உங்க கெணறு ரொம்பறது எங்க பங்குலதான மாப்ள?" என்று ஒருநாள் பந்தியில் கேட்டார். கோபமில்லாமல்தான் கேட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் சொல்வது உண்மை.

ஆனால் முழு உண்மை இல்லை. கரையைப் பூசினால் மிச்சமாகும் தண்ணீர் வானத்திலிருந்து புதிதாக வருவதல்ல. ஏதோ ஒரு கிணற்றிலிருந்துதான் வருகிறது. அந்தக் கிணற்றைக் கணக்கில் எழுதிய பிறகு, மச்சானுக்கு இவ்வளவு, அதற்காக இந்தக் கிணறுகளில் இவ்வளவு இறங்கும், இவர்களுக்கு மாற்று இது என்று சொல்லியிருந்தால் நாங்கள் உட்கார்ந்து பேசியிருப்போம். உடையும் கரையைக் கட்டத்தான் வேண்டும். பழைய மதகுகளை மாற்றத்தான் வேண்டும். அதை மறுக்கும் உழவனை நான் பார்த்ததில்லை. சொட்டுநீர், முறைப்படி மதகு திறப்பது, நெல்லைக் குறைப்பது எல்லாவற்றுக்கும் இடமுண்டு. என்னை அரிப்பது ஒன்றுதான். விட்ட தண்ணீருக்கு அடிக்கணக்கும் கனஅடிக் கணக்கும் தினமும் எழுதுகிறார்கள். விட்ட தண்ணீர் எங்கே போய், யாரைப் பிழைக்கவைத்து, எங்கே வெளிவருகிறது என்று எழுதும் பதிவேடு எந்த மேசையிலும் இல்லை. அது இல்லாமல் யாருக்கும் பங்கு பிரிக்க முடியாது. மச்சானுக்கும் பிரிக்க முடியாது, தஞ்சாவூர்க்காரருக்கும் பிரிக்க முடியாது.

அப்பாரு போன பிறகு சில வருஷம் சுவரில் யாரும் எழுதவில்லை. போன முறை வெள்ளையடிக்க வந்த ஆளிடம் அந்தச் சுவரை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். வாய்க்காலில் தண்ணீர் விட்ட சேதி வந்த அன்று, கரிக்குப் பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் தேதி போட்டேன். தினமும் பால் ஊற்றிவிட்டு வந்து கிணற்றுக்குள் இறங்கிப் பார்த்தேன். பத்தொன்பதாம் நாள் வடக்குப் பக்கத்து வெடிப்பு கறுத்தது.

அன்றைக்கு மேற்காலத் தோட்டத்து அண்ணன் ஸ்டார்ட்டர் ரிப்பேர் என்று ஸ்க்ரூடிரைவர் வாங்க வந்தவர், சுவரைப் பார்த்து நின்றுவிட்டார். என்ன ஏது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "எங்க கெணத்தையும் இதுல போட்டு உடு. எனக்கு இருபத்திரண்டாம் நாளு" என்றார். அவருக்கு ஒரு கட்டம் போட்டேன். ஒரு மாசத்துக்குள் பள்ளத்தின் இரண்டு கரையிலிருந்தும் ஆட்கள் வந்து தேதி சொல்லிப்போனார்கள். மச்சானும் முத்தூரிலிருந்து போன் செய்து, தன் மதகுக்குத் தண்ணீர் வந்து சேர்ந்த நாளை எழுதிக்கொள்ளச் சொன்னார். இப்போது பதினொரு கிணறும் ஒரு கடைமடை மதகும் அந்தச் சுவரில் இருக்கின்றன. ஆயுதபூஜைக்கு எல்லோரும் அவரவர் படியை எண்ணிச் சொல்வதாக ஏற்பாடு. சுவிட்ச் போர்டுக்கு மேலே இன்னும் இரண்டடி இடம் இருக்கிறது.